மாரிஸ்டவுனில் பசித்திருந்த பிள்ளைகள்

நியூ ஜெர்சியில் படித்தவர்களுக்கு மாரிஸ்டவுன் தெரியாமல் இருக்காது. நாலாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். 1779-80 குளிர்காலத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் தங்கிய வீட்டைக் காட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஜாக்கி ஹாலோ காட்டில் அவருடைய வீரர்கள் பனியில் பட்டினி கிடந்த கதையைச் சொல்லியிருப்பார்கள்.

அதே ஊருக்கு இன்னொரு பட்டினிக் கதையும் உண்டு. அதை எந்த ஃபீல்ட் ட்ரிப்பிலும் எனக்குச் சொல்லவில்லை. அது நடந்து நூறு வருடம்தான் ஆகிறது. அதில் பசித்திருந்தவர்கள் படைவீரர்கள் இல்லை, உங்கள் வயதுப் பிள்ளைகள். உணவு இல்லாததால் அவர்கள் பசித்திருக்கவில்லை. உணவைக் குறைப்பதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட மருந்து.

இந்தக் கதையைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொங்கல் விழாவில் கிடைத்த யோசனை

என் தம்பிக்குப் பதினொரு வயதில் டைப் 1 நீரிழிவு வந்தது. வாரக்கணக்கில் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தான், ராத்திரி நாலு தடவை எழுந்தான், மெலிந்தான். "வளர்ற பையன், அப்படித்தான்" என்று நாங்கள் நினைத்தோம். ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது, அவனுடைய கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஊசி.

நாலு மாதம் கழித்து ஒரு பொங்கல் விழா. சாப்பாட்டு வரிசையில் தம்பி தட்டில் இருந்ததை எண்ணி ஊசி போட்டுக்கொள்வதை ஓர் அங்கிள் பார்த்தார். நல்ல மனிதர். எங்களைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எனக்கும் சுகர்தான் சிஸ்டர். சோறு, சப்பாத்தி, இட்லி எல்லாத்தையும் நிறுத்தினேன். ஆறு மாசத்துல முப்பது பவுண்டு குறைஞ்சது. மாத்திரையையே டாக்டர் எடுத்துட்டார். மாவுச்சத்தே உள்ள போகலைன்னா சுகர் எங்கேர்ந்து வரும்? பாவம், சின்னப் பையனுக்கு எதுக்கு இத்தனை ஊசி?"

அவர் தன்னைப் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை.

அம்மா அந்த வார இறுதியில் சோற்றுக்குப் பதில் காலிஃபிளவரைத் துருவி வைத்தார். முட்டை, பனீர், கோழி. மாவுச்சத்துதான் இல்லையே என்று இன்சுலினையும் குறைத்தார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ராத்திரி போட வேண்டிய ஊசியையும் சேர்த்துப் பாதியாக்கினார். ஞாயிறு மாலை தம்பி வாந்தி எடுத்தான். மூச்சில் அழுகிய பழ வாசனை. எமர்ஜென்சிக்கு ஓடினோம். இரண்டு நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்தான்.

அங்கே யாரும் அம்மாவைத் திட்டவில்லை. ஆனால் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அம்மா அழுததை நான் பார்த்தேன். "எனக்கு இது கூடவா தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அம்மாவுக்கு மட்டும் தெரியாமல் போன விஷயமா இது? அந்தக் கேள்விதான் என்னை மாரிஸ்டவுனில் கொண்டுபோய் விட்டது.

இனிக்கும் சிறுநீர்

இந்த நோய் புதிதில்லை. சிறுநீர் இனிப்பாக இருக்கும், அதில் எறும்பு மொய்க்கும் என்று நம் நாட்டுப் பழைய மருத்துவ நூல்கள் கவனித்து எழுதியிருக்கின்றன. மதுமேகம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். மது என்றால் தேன்.

சிறுநீரில் சர்க்கரை போகிறது என்றால் சாப்பாட்டில் சர்க்கரையையும் மாவையும் குறைக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். 1797-ல் ஜான் ரோலோ என்ற ஸ்காட்லாந்து ராணுவ மருத்துவர், ஒரு கேப்டனுக்கு இறைச்சி அதிகமான உணவைக் கொடுத்து, அவர் தேறியதை எழுதினார். 1870-71-ல் பாரிஸ் நகரத்தை எதிரிப்படை முற்றுகையிட்டு உணவு கிடைக்காமல் போனபோது, பூஷார்தா என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு வினோதத்தைக் கவனித்தார். ஊரே பசியில் வாட, அவருடைய நீரிழிவு நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்திருந்தது.

நோய்க்காக இல்லாமல் எடை குறைப்பதற்காக மாவுச்சத்தைக் குறைப்பதும் பழைய வழக்கம்தான். லண்டனில் சவ அடக்க வேலைகளை நடத்திவந்த வில்லியம் பேன்டிங் என்பவர் மிகப் பருமனாக இருந்தார். மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒதுக்கி இளைத்தார். 1863-ல் அதை ஒரு சிறு நூலாக எழுதினார். அது பெரும் பரபரப்பானது. ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் உடல் இளைக்க உணவைக் குறைப்பதற்கு 'பான்டா' என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயரிலிருந்து வந்த சொல் அது. இன்று உங்கள் அங்கிள்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கெல்லாம் அவர்தான் முன்னோடி.

பேன்டிங் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பேன்டிங் பிறகு வருவார்.

தராசு வைத்த மருத்துவமனை

ஃபிரெடெரிக் ஆலன் 1879-ல் அயோவாவில் பிறந்தவர். ஹார்வர்டில் நாய்களை வைத்து நீரிழிவை ஆராய்ந்தார். கணையத்தை எடுத்துவிட்டால் நாய்க்கு நீரிழிவு வரும் என்பது 1889-லேயே ஜெர்மன் மருத்துவர்கள் கண்டுபிடித்தது. ஆலன் முழுவதையும் எடுக்காமல் கொஞ்சம் மிச்சம் வைத்தார். அந்த நாய்களுக்கு நிறையச் சாப்பாடு போட்டால் நோய் முற்றியது. குறைவாகப் போட்டால் நோய் அடங்கியிருந்தது.

அதிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். நோயாளியின் உடல் தாங்கும் அளவுக்கு மேல் எதுவும் உள்ளே போகக் கூடாது. மாவுச்சத்து மட்டும் இல்லை, மொத்த உணவுமே.

முறை இப்படி இருந்தது. முதலில் பட்டினி. சிறுநீரில் சர்க்கரை நிற்கும் வரை பல நாட்கள் வெறும் தண்ணீர், தெளிவான சூப், கறுப்புக் காபி. பிறகு காய்கறி, கிராம் கணக்கில். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டுவார்கள். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் விட்டுச் சூடாக்குவார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை தெரிந்ததும் மறுபடி பட்டினி. எந்த அளவில் சர்க்கரை தெரிந்ததோ அதற்குக் கீழேதான் இனி வாழ்நாள் முழுதும் சாப்பாடு. சில நோயாளிகளுக்குக் காய்கறியில் இருக்கும் கொஞ்ச மாவுச்சத்தும் ஆகவில்லை. அவர்களுக்குக் காயை மூன்று முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரைக் கொட்டி, சக்கையைக் கொடுத்தார்கள்.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கழக மருத்துவமனையில் சில ஆண்டுகள் இதைச் செய்துவிட்டு, 1921-ல் மாரிஸ்டவுனில் ஆட்டோ கான் என்ற வங்கியாளருக்குச் சொந்தமாக இருந்த பெரிய மாளிகையில் சொந்த மருத்துவமனை தொடங்கினார். பெயர் ஃபிசியாட்ரிக் இன்ஸ்டிடியூட். சமையலறையில் ஒவ்வொரு கவளமும் தராசில் நிறுத்தப்பட்டது.

ஆலன் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது டைப் 1 வந்த பிள்ளை சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருடத்தில் இறந்துவிடும். வேறு மருந்தே கிடையாது. ஆலனின் முறையில் சிலர் கூடுதலாக ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இருந்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதும் அவருடைய குறிப்புகளிலேயே இருக்கிறது.

ராக்ஃபெல்லரில் 12 வயதில் சேர்ந்த ஒரு பையனுக்கு நோயால் கண் பார்வை போய்விட்டது. அளந்துதான் சாப்பாடு, அறையிலும் உணவு எதுவும் கிடையாது. அப்படியும் சிறுநீரில் சர்க்கரை வந்தது. காரணம் யாருக்கும் புரியவில்லை. கடைசியில் பையன் ஒப்புக்கொண்டான். பற்பசையைத் தின்றிருக்கிறான். ஆசையாகக் கேட்டு வாங்கிய கனேரிக் குருவியின் கூண்டிலிருந்த தானியத்தையும் தின்றிருக்கிறான். அவன் பிழைக்கவில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐசியூவுக்குப் போவதற்கு முந்தின நாள் தம்பி என்னிடம் வந்து, "அக்கா, ஒரே ஒரு வாய் சோறு" என்று கேட்டிருந்தான். "கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணுடா" என்று சொல்லி அனுப்பினேன்.

அவன் கட்டுப்பாடில்லாமல் கேட்கவில்லை. இன்சுலின் இல்லாத உடம்பில் ரத்தம் நிறையச் சர்க்கரை ஓடும். ஆனால் அது செல்களுக்குள் போகாது. வாசலில் லாரி நிறைய அரிசி நிற்கிறது, வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது, உள்ளே எல்லோரும் பட்டினி. அந்தப் பட்டினிதான் பசியாக வெளியே தெரிகிறது.

தொப்பிப் பெட்டி கேக்

ஆலனின் நோயாளிகளில் மிகவும் அறியப்பட்டவள் எலிசபெத் ஹியூஸ். அவளுடைய அப்பா சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ், நியூயார்க் மாநில ஆளுநராக இருந்தவர். 1916 ஜனாதிபதித் தேர்தலில் உட்ரோ வில்சனிடம் நூலிழையில் தோற்றவர். பிறகு வெளியுறவுத் துறைச் செயலர், அதற்கும் பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி.

1919-ல் எலிசபெத்துக்கு 11 வயதில் நோய் தெரிந்தது. என் தம்பியின் வயது. அப்போது அவள் எடை 75 பவுண்டு. ஆலனிடம் அழைத்துப் போனார்கள். முதலில் பட்டினி, பிறகு பல வாரங்களுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 600 கலோரி. அந்த வயதுப் பெண்ணுக்குத் தேவையானதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலும் வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி.

கூடவே ஒரு நர்ஸ் இருந்தார். எலிசபெத் பெரும்பாலும் சொன்னபடியே நடந்தாள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட முடியாது. அதனால் ஒரு தொப்பிப் பெட்டிக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதம் ஒட்டி, மேலே மெழுகுவர்த்தி ஏற்றிக் கேக்காக வைத்தார்கள்.

மூன்று வருடம் அப்படியே தாக்குப்பிடித்தாள். 1922 ஆகஸ்டில் அவளுக்கு 15 வயது ஆகப்போகிறது. ஏறக்குறைய ஐந்தடி உயரம். எடை 45 பவுண்டு.

உங்கள் வீட்டில் ஆறு வயதுக் குழந்தை இருந்தால் தூக்கிப் பாருங்கள். அதுதான் 45 பவுண்டு.

இரண்டாவது பேன்டிங்

இதே நாட்களில் கனடாவின் டொரான்டோவில் ஃபிரெடெரிக் பேன்டிங் என்ற இளம் மருத்துவரும், சார்ல்ஸ் பெஸ்ட் என்ற மாணவரும், மெக்லியோட் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுக்க முயன்றுகொண்டிருந்தார்கள். தொடங்கியது 1921 கோடையில். மாரிஸ்டவுனில் ஆலன் மருத்துவமனை திறந்த அதே ஆண்டு. பிறகு ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளரும் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சாறு சுத்தமாக இல்லை, பெரிய பலன் கிடைக்கவில்லை. காலிப் அதைச் சுத்தப்படுத்திக் கொடுத்தார். ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. பட்டினி போட்டும் முடியாததை ஓர் ஊசி செய்தது.

ஆகஸ்டில் எலிசபெத்தின் அம்மா அவளை டொரான்டோவுக்கு அழைத்துப் போனார். பேன்டிங் உடனே இன்சுலினைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்குள் அவள் ஒரு நாளைக்கு 2200 கலோரிக்கு மேல் சாப்பிட்டாள். மூன்று வருடமாகத் தொடாத ரொட்டியைச் சாப்பிட்டாள். தேங்க்ஸ்கிவிங் நேரத்தில் வீடு திரும்பினாள்.

மாரிஸ்டவுனில் என்ன நடந்தது? அங்கே அப்போது வேலை பார்த்த ஒரு நர்ஸ் பல ஆண்டுகள் கழித்து எழுதிவைத்திருக்கிறார். டொரான்டோவில் ஏதோ மருந்து கிடைத்திருக்கிறது என்ற செய்தி பரவியதும், வாரக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்களாம். ஆலன் டொரான்டோ போய்த் திரும்பிய இரவு எல்லோரும் அவருடைய காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாக நின்ற அத்தனை பேரையும் பார்த்து, உங்களுக்குத் தர என்னிடம் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறேன் என்ற பொருளில் தயங்கித் தயங்கி அவர் சொன்னாராம்.

பத்து ஆண்டுகளாகத் தான் கட்டிய முறை இனி டைப் 1 பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று சொல்லும் மருந்தை, அவரே கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய மருத்துவமனை 1930-களின் பொருளாதார மந்தத்தில் மூடப்பட்டது.

எலிசபெத் என்ன ஆனாள்? பார்னர்ட் கல்லூரியில் படித்தாள். திருமணம் செய்துகொண்டு மூன்று பிள்ளைகள் பெற்றாள். உச்ச நீதிமன்ற வரலாற்றுக் கழகத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவராக இருந்தாள். 1981-ல் 73 வயதில் இறந்தாள். அதுவரை ஏறத்தாழ 42,000 ஊசி போட்டுக்கொண்டிருப்பாள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் தனக்கு இந்த நோய் இருப்பதை வாழ்நாள் முழுதும் வெளியே சொல்லாமல் மறைத்தாள். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுதான்.

ஒரே சொல், இரண்டு நோய்

இப்போது அங்கிளிடம் திரும்பி வருவோம். அவர் சொன்னதில் தவறு எங்கே?

"மாவுச்சத்தே உள்ள போகலைன்னா சுகர் எங்கேர்ந்து வரும்?" கல்லீரலிலிருந்து வரும். நாம் தூங்கும்போதும், பட்டினி கிடக்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதனால் கல்லீரல் சேமித்து வைத்ததை வெளியே விடும். தீர்ந்தால் புதிதாகவும் செய்யும். "போதும், நிறுத்து" என்று கல்லீரலுக்குச் சொல்வது இன்சுலின்தான். அது அறவே இல்லையென்றால் கல்லீரல் நிறுத்தாது. உடல் கொழுப்பையும் கட்டுப்பாடில்லாமல் எரிக்கும். அப்போது கீட்டோன் என்ற அமிலங்கள் ரத்தத்தில் குவியும். தம்பியின் மூச்சில் வந்த பழ வாசனை அதுதான். சில மணி நேரத்தில் ஆளையே கொல்லக்கூடியது.

அங்கிளுக்கு இருப்பது டைப் 2. அவர் உடலில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் சரியாக வேலை செய்யவில்லை. பூட்டு துருப்பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்தால், மாவு குறைந்தால், துரு கொஞ்சம் கழன்று சாவி திரும்பும். தம்பியிடம் சாவியே இல்லை. பூட்டுக்கு எவ்வளவு எண்ணெய் போட்டு என்ன?

இந்த இரண்டும் வேறு வேறு வகை என்பதை 1936-ல் லண்டன் மருத்துவர் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் சோதனையால் காட்டினார். ஆலன் காலத்தில் அந்தத் தெளிவு இல்லை. கணையத்தில் கொஞ்சம் மிச்சமிருந்த நாய்களுக்கும், இன்சுலின் இன்னும் சுரந்த பெரியவர்களுக்கும் உதவியதை, கணையமே கைவிட்ட பிள்ளைகளுக்கும் செய்தார். எங்கள் அங்கிள் செய்ததும் அதேதான். நம் வீடுகளில் இரண்டுக்கும் "சுகர்" என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல்லில்தான் அம்மாவும் வழுக்கி விழுந்தார். உலகத்திலேயே அதிகம் படித்த நீரிழிவு மருத்துவருக்கு நூறு வருடம் முன்பு தெரியாததுதான், பொங்கல் விழாவில் என் அம்மாவுக்கும் தெரியவில்லை.

அப்படியென்றால் சோற்றைக் குறைப்பது தப்பா?

இல்லை. மதுரையில் இருக்கும் என் பாட்டிக்கு டைப் 2. அவருக்கு அது நல்லதே செய்கிறது.

டைப் 2 நம்மவர்களுக்கு அதிகம். பே ஏரியாவிலும் சிகாகோவிலும் 2010 முதல் 2013 வரை 906 தெற்காசியர்களைச் சேர்த்து மசாலா என்ற பெயரில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஆமாம், உண்மையிலேயே மசாலாதான் பெயர். மற்ற அமெரிக்க இனத்தவரைவிடத் தெற்காசியர்களுக்கு நீரிழிவு அதிகம் என்று அதில் தெரிந்தது. பார்க்க ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வருகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-ல் ஆசிய அமெரிக்கர்களுக்கு மட்டும், உடல் எடைக் குறியீடு 25 வரை காத்திருக்காமல் 23-லேயே சோதித்துப் பார்க்கச் சொன்னது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. இந்தியாவின் முதல் நீரிழிவு கிளினிக்கை 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கினார். அவருடைய மகன் டாக்டர் வி. மோகனின் குழு இந்தியா முழுவதும் 18,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் சாப்பாட்டை அலசி, 2022-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. நம்மவர்களுக்குக் கலோரியில் பெரும்பங்கு சோறு, கோதுமை போன்ற மாவுச்சத்திலிருந்தே வருகிறது. டைப் 2 உள்ளவர்கள் அந்தப் பங்கை ஏறத்தாழ பாதிக்குக் கொண்டுவந்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காகக் கூட்டினால் நோய் பின்வாங்க வாய்ப்பு உண்டு என்று அது சொல்கிறது.

கவனியுங்கள். பாதி என்றுதான் சொல்கிறார்கள், பூஜ்யம் என்று சொல்லவில்லை. பாட்டி செய்வதும் அதுதான். முன்பு மூன்று முறை சோறு போட்டுக்கொண்டவர் இப்போது ஒரு முறை. சாம்பாரில் பருப்பு கெட்டியாக. பக்கத்தில் பொரியல் இரண்டு பங்கு. முதலில் பொரியலும் சுண்டலும், கடைசியில்தான் சோறு. "வயிறு நிறைஞ்சப்புறம் சோத்தைப் பாத்தா ஆசை வர்றதில்ல" என்கிறார். பருப்பின் புரதமும் காயின் நார்ச்சத்தும் பசியை அடக்கும் வேலையைச் செய்கின்றன. அதோடு மாத்திரையும் போடுகிறார், சோதனையும் செய்துகொள்கிறார்.

கீட்டோ என்ற சொல்லும் ஒரு மருத்துவமனையிலிருந்து வந்ததுதான். 1921-ல் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் என்பவர் வலிப்பு நோய்க்காக அதை முன்வைத்தார். சில பிள்ளைகளுக்கு இன்றும் டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கிறார்கள். ஓர் உணவுமுறை மருந்தாக வேலை செய்கிறது என்றால், மருந்துபோலத்தான் அதை நடத்த வேண்டும். யாருக்கு, எந்த நோய்க்கு, எவ்வளவு, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வளரும் வயதில் நீங்களாக வீடியோ பார்த்து ஆரம்பிக்கிற விஷயம் இல்லை இது.

உங்களில் யாருக்காவது டைப் 1 இருந்தால், எலிசபெத்போல மறைக்காதீர்கள். உங்கள் நண்பனுக்கு இருந்தால், "இதைச் சாப்பிடலாமா நீ?" என்று கேட்காதீர்கள். விழாவில் யாராவது "ஊசியை விட்டுடலாமே" என்றால், மரியாதையாகவே சொல்லுங்கள்: "அங்கிள், இவனுக்கு இருக்கறது வேற. இன்சுலினை நிறுத்தக் கூடாது." நான் அன்று சொல்லவில்லை. பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் எலிசபெத்தின் கதையை அம்மாவிடம் சொன்னேன். தொப்பிப் பெட்டி வரைக்கும் பேசாமல் கேட்டார். "அந்தப் பொண்ணோட அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய் அரிசி கழுவினார்.

தம்பிக்கு இப்போது பதினாலு வயது. ராத்திரி தட்டைப் பார்த்தான். "ஒரு கப் சோறு, நாற்பத்தைந்து கிராம்" என்று முணுமுணுத்துக்கொண்டே பம்பில் எண்ணை அழுத்தினான். அப்புறம் ரசம் கேட்டான்.